குடமுருட்டிக் கல்லூரியின் நூறு சதவீதம்

வேலையில்லாத் திண்டாட்டத்தை ஒழிக்க உலக நாடுகள் மாநாடு போட்டு, தீர்மானம் போட்டு, மதியச் சாப்பாடும் போட்டுப் பார்த்துவிட்டன. ஒழிந்தபாடில்லை. அது அடியோடு ஒழிந்த இடம் பூமிப்பந்தில் ஒன்றே ஒன்றுதான். தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம் போகும் சாலையில், பாபநாசத்துக்குச் சற்று முன்னால், வயலுக்குள் திரும்புகிற தார்ச்சாலையின் முடிவில் இருக்கிறது குடமுருட்டி கலை அறிவியல் கல்லூரி. அதன் இரண்டாம் மாடியில், வராந்தாவின் கடைசி அறையில் இயங்கும் முதுகலைப் புவியியல் துறையே அந்தப் புண்ணிய பூமி. ஒழித்துக் கட்டிய குழுவில் நானும் ஓர் உறுப்பினர் என்பதை, தன்னடக்கம் கருதி, அடுத்த பத்தியில்தான் சொல்வேன்.

நானும் ஓர் உறுப்பினர்.

புவியியல் படித்த பிள்ளைகளின் வாழ்க்கையை உயர்த்துவதற்காகக் கல்லூரியில் 'தொழில் மேம்பாடு மற்றும் எதிர்காலத் திட்டமிடல் மையம்' தொடங்கினார்கள். அப்படி ஒரு மையம் இருந்தால் அதில் 'தொழில்துறைப் பிரதிநிதி' ஒருவர் இருந்தே ஆக வேண்டுமாம். எங்கள் பக்கத்தில் தொழில்துறைக்கு எங்கே போவது? நெல் விளைவிக்கிறோம், அதை விற்கிறோம். நானோ நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை மூட்டையாகக் கம்பியைச் செருகி ஈரப்பதம் பார்த்தே ஓய்வு பெற்றவன். துறைத் தலைவர் முனைவர் மங்களாம்பிகை ஒரு தட்டு ஆப்பிளும் ஒரு பொன்னாடையுமாக என் வீட்டுக்கு வந்தார்.

"ஐயா, இந்தச் சுத்துவட்டாரத்துல எங்களுக்கு இண்டஸ்ட்ரின்னா நீங்கதான்" என்றார்.

ஓய்வு பெற்ற பிறகு வீட்டில் என்னைப் பலவிதமாக அழைத்துக் கேட்டிருக்கிறேன். இண்டஸ்ட்ரி என்று யாரும் அழைத்ததில்லை. பொன்னாடையைப் பிரிப்பதற்குள் சம்மதித்துவிட்டேன்.

மையத்தின் சொத்துகள்: ஒரு மேசை, சுழலாத ஒரு பூமி உருண்டை, ஒரு டை. உருண்டை எந்தக் காலத்திலோ இறுகிப்போனதால் இந்தியா எப்போதும் சுவரைப் பார்த்தபடியே இருந்தது. டை பொதுச்சொத்து, யாருக்குப் புகைப்படம் எடுக்க வேண்டுமோ அவர் கழுத்தில் அன்றைக்கு அது தொங்கும். இவற்றுக்கெல்லாம் பொறுப்பாளர் முனைவர் பஞ்சநதம். தலையில் நரை எட்டிப் பார்க்கிற வயது. பல வருடங்களாக அதே துறையில் கௌரவ விரிவுரையாளர். அந்தப் பதவியின் சிறப்பைப் பெயரே சொல்லிவிடும்: விரிவுரையை அவர் தருவார், கௌரவத்தைக் கல்லூரி தரும். வேறெதையாவது எதிர்பார்த்தால் அது இரு தரப்புக்கும் கௌரவமாக இராது.

அவர் நடத்திய வகுப்புகளை நான் பின் வரிசையில் உட்கார்ந்து ரசித்திருக்கிறேன். 'நேர்காணலில் கைகுலுக்கும் கலை' என்று ஒரு மணி நேரம். 'பெருநிறுவனங்களில் ஸ்பூனால் சாப்பிடுவது எப்படி' என்று இன்னொரு மணி நேரம். பிள்ளைகள் கேன்டீன் தயிர்சாதத்தை ஸ்பூனால் கிண்டிக் கிண்டிப் பயின்றார்கள். வேலை தவிர மற்ற எல்லாவற்றுக்கும் அவர்கள் தயாராகிவிட்டார்கள்.

அந்த நேரத்தில்தான் தரமதிப்பீட்டுக் குழு வரப்போகிறது என்ற செய்தி வந்தது. அவசரக் கூட்டம் கூடியது.

"பஞ்சநதம் சார், இந்த வருஷம் நம்ம பிள்ளைங்கள்ல எத்தனை பேருக்கு வேலை கிடைச்சிருக்கு?" என்று கேட்டார் மங்களாம்பிகை.

"யாருக்கும் இல்ல மேடம்."

"அது எண்ணிக்கை. நான் சதவீதம் கேக்கறேன்."

பஞ்சநதம் சற்று யோசித்தார். "நீங்க எவ்வளவு எதிர்பார்க்கறீங்க மேடம்?"

"நூறு."

கல்வித் திட்டமிடல் என்பது என்னவென்று எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. நாங்கள் ஈரப்பதம் பார்த்த பிறகுதான் எண்ணைச் சொல்வோம். படித்தவர்கள் எண்ணை முதலில் சொல்லிவிட்டுப் பிறகு கம்பியைச் செருகுகிறார்கள்.

இறுதியாண்டு மாணவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். முதலில் ராம்கி.

"என்னப்பா பண்ணிட்டு இருக்கே?"

"அப்பாவோட அறுவடை மெஷின் ஓட்டறேன் மேடம்."

"புவிப்பரப்புத் தாவர அகற்றல் மேலாளர்" என்றார் பஞ்சநதம், எழுதிக்கொண்டே. அந்த மனிதருக்குப் பெயர் வைக்கும் கை இருந்தது. ராம்கியின் முகம் மலர்ந்துவிட்டது. வெளியே போகும்போது நடையே மாறியிருந்தது.

அடுத்து வந்த அனுராதா பத்திரிகையையே நீட்டினாள். "வேலை இல்ல மேடம். கல்யாணம். மாப்பிள்ளை சிங்கப்பூர்ல இருக்கார்."

"பன்னாட்டு மக்கள் இடப்பெயர்வு. நேரடிக் கள ஆய்வாளர்."

தஞ்சாவூரில் வண்டியில் சாப்பாட்டுப் பொட்டலம் கொண்டுபோய்க் கொடுக்கும் செந்தில்குமார், 'இருப்பிடத் தரவு சார்ந்த விநியோக வல்லுநர்' ஆனான். கடைசியாக ஷமீரா வந்தாள். ஒல்லியான பெண். கையில் எப்போதும் ஒரு மடிக்கணினி. அதற்குள் செயற்கைக்கோள் எடுத்த எங்கள் ஊர் வயல்களின் படங்கள். அதுதான் அவளுடைய ஆய்வு. எது சம்பா, எது தாளடி, எது தரிசு என்று வானத்திலிருந்தே பார்த்துச் சொல்லிவிடுவாள்.

"நான் ஒண்ணும் பண்ணல மேடம். ஆய்வேடு எழுதிட்டு இருக்கேன்" என்றாள்.

"சரி, வீட்டுல யாராவது ஏதாவது பண்ணுவாங்கல்ல?"

"மாமா ராஜகிரியில பைப்பு கடை வச்சிருக்காங்க."

"நீர்வளக் கட்டமைப்பு ஆலோசகர்" என்றார் பஞ்சநதம்.

"சார், நான் அந்தக் கடைப் படியே ஏறினதில்ல!"

"ஆலோசகர்னா ஏற வேண்டாம்மா" என்றேன் நான். தொழில்துறையின் சார்பில் நான் வழங்கிய முதல் கருத்து அது. கூட்டக் குறிப்பில் ஏற்றினார்கள்.

நான்கு நாளில் கடைவீதி முக்கில் ஃப்ளெக்ஸ் எழுந்தது. 'நூறு சதவீத வேலைவாய்ப்பு! குடமுருட்டியின் குன்றாப் புகழ்!' கீழே வரிசையாகப் பிள்ளைகளின் முகங்கள். எல்லா ஆண்பிள்ளைகளின் கழுத்திலும் அதே டை. பின்னணியில் பனிமலை. புவியியல் என்றால் பனிமலை வேண்டும் என்று ஃப்ளெக்ஸ் கடைக்காரர் அவராகவே போட்டுக்கொடுத்தது. குழு வந்தது, ஃப்ளெக்ஸைப் பார்த்தது, கோழியும் மீனும் சாப்பிட்டது, உயர்ந்த தரத்தை வழங்கிவிட்டுப் போனது. மங்களாம்பிகை மேடத்துக்கும் பொன்னாடை. எனக்கு இரண்டாவது பொன்னாடை.

எல்லாம் சுபமாக முடிந்திருக்க வேண்டிய நேரத்தில், மே மாதத் தொடக்கத்தில், எங்கள் கல்லூரி வரலாற்றில் யாருமே எதிர்பாராத அசம்பாவிதம் ஒன்று நடந்தது. வேலை ஒன்று வந்துவிட்டது.

சென்னையில் ஒரு நிறுவனம். செயற்கைக்கோள் படங்களை வைத்துப் பயிர் வரைபடம் போடுகிறவர்கள். டெல்டாவைத் தெரிந்த, புவியியலில் முதுகலை முடித்த ஒருவர் வேண்டும், தஞ்சாவூரிலேயே இருந்து வேலை பார்க்கலாம், நாங்களே நேரில் வந்து தேர்வு செய்கிறோம் என்று எழுதியிருந்தார்கள். புவியியலைத் தேடி ஒரு நிறுவனம் வருவது துறை தொடங்கியதிலிருந்து இதுதான் முதல்முறை. ஷமீரா மூச்சிரைக்க இரண்டாம் மாடி ஏறி வந்தாள்.

"மேடம், இது அப்படியே என் ஆய்வு மேடம்! நான் பேர் குடுக்கறேன்."

மங்களாம்பிகை மேடம் கண்ணாடியைக் கழற்றினார். "நீ எப்படிம்மா குடுக்க முடியும்? நீதான் ஏற்கெனவே வேலையில இருக்கியே."

இங்கே ஒரு விளக்கம் தேவை. மையத்துக்கு விதிமுறை எழுத வேண்டி வந்தபோது, சென்னையில் பெரிய பொறியியல் கல்லூரி ஒன்றின் விதிமுறையை வாங்கி, பெயரை மட்டும் மாற்றி அச்சடித்துவிட்டார்கள். அங்கே நிறுவனங்கள் வரிசையில் நிற்கும். ஒரே பிள்ளை நாலு வேலையை அள்ளிக்கொண்டு போய்விடும். ஆகவே 'ஒருவருக்கு ஒரே வேலை. வேலை பெற்றவர் வேறு நேர்காணலில் கலந்துகொள்ளக் கூடாது' என்று கண்டிப்பாக எழுதியிருந்தார்கள். நாங்களும் கண்டிப்பாக அச்சடித்தோம். 'கம்பெனி வாகனங்களுக்குத் தனி நிறுத்துமிடம்' என்றொரு விதியும் கூடவே வந்தது. அதற்கும் வேப்பமரத்தடியில் பலகை நட்டோம். பக்கத்து வயல்காரர்கள் அங்கேதான் உளுந்து காயவைக்கிறார்கள்.

"மேடம், அது இல்லாத வேலை!" என்றாள் ஷமீரா.

"தெரியும்மா."

"அப்ப விட்டுடறேன். ராஜினாமா."

"இல்லாத வேலையை விடறதுதான் கஷ்டம். இருக்கிற வேலைன்னா ஒரு லெட்டர் குடுத்துட்டுப் போயிடலாம். இது துறையோட நூறு சதவீதத்துல இருக்கு. நீ ஒருத்தி விலகினா நூறு உடைஞ்சிடும். சரிபார்க்க அந்தக் குழு திடீர்னு வருமாம். நூறு உடைஞ்சா தரம் போச்சு, தரம் போனா துறையையே இழுத்து மூடிடுவாங்க. அடுத்த வருஷம் இந்தக் கல்லூரியில புவியியலே இருக்காது. நீ படிச்ச துறையை நீயே மூடப் போறியா?"

கடைசி வாக்கியத்தில் அவர் குரல் நிஜமாகவே தழுதழுத்தது. அவர் நடிக்கவில்லை. இருபத்தைந்து வருடம் வளர்த்த துறை. இந்த மாதிரிக் காரியங்களை நல்லவர்கள் செய்யும்போதுதான் பார்க்க அத்தனை கம்பீரமாக இருக்கிறது.

மறுநாள் ஷமீரா தன் மாமா மீரா உசேனையே அழைத்து வந்துவிட்டாள். பெரிய உருவம். காலர் முனையில் பி.வி.சி. பசை. எங்கள் எல்லாரையும் ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏங்க, நான் எப்பங்க இந்தப் புள்ளைக்கு வேலை குடுத்தேன்? ரோட்டுல போர்டைப் பாத்துத்தான் எனக்கே தெரியும். கடைக்கு வர்றவன் எல்லாம், 'என்ன பாய், பனிமலையில பைப்பு போடறீங்களா'ன்னு கேக்கறான். சரி, குடுத்ததாவே இருக்கட்டும். ஷமீரா, இந்த நிமிஷத்துலேருந்து உன்னை வேலையை விட்டுத் தூக்கிட்டேன். போய்ட்டு வாம்மா."

"அப்படித் தூக்க முடியாதுங்க" என்றார் மங்களாம்பிகை மேடம். "மூணு மாச நோட்டீஸ் வேணும்."

"என் கடையிலயா?"

"எங்க விதிமுறையில."

மீரா உசேன் என்னைப் பார்த்தார். "நீங்களாச்சும் சொல்லுங்கண்ணே. நீங்க நெல் எடுத்தவங்க. இல்லாத நெல்லுக்கு ஈரம் பாத்திருக்கீங்களா?"

நான் கூரையைப் பார்த்தேன். தொழில்துறை இக்கட்டான நேரங்களில் நடுநிலை வகிக்கும்.

அவர் பெருமூச்சுவிட்டு மருமகளிடம் திரும்பினார். "சரி புள்ள. இது நடக்கலேன்னா ஜூன்ல நெஜமாவே கடைக்கு வந்துடு. கல்லாவுல உக்கார ஆளில்லாமத்தான் தேடிட்டிருக்கேன். போர்டும் போட்டாச்சு. படிச்சு முடிச்சுட்டு வீட்டுல சும்மா உக்காந்திருந்தா உங்க அத்தாவுக்கும் மனசு ஆறாது."

ஷமீரா மடிக்கணினியை மார்போடு அணைத்துக்கொண்டு சுழலாத உருண்டையை வெறித்தாள். பஞ்சநதம் மேசை விரிப்பின் நூலைப் பிரித்துக்கொண்டிருந்தார். 

நேர்காணல் நாள் வந்தது. காவிரி முழுக்க மணலாகக் கொதித்த மே மாத வெயில். பிள்ளைகள் எல்லாரும் 'பணியில்' இருந்ததால் வரவேற்புக்கு ஆளில்லை. வரவேற்புக் குழுவில் சேர விதிமுறையில் தடை இல்லை என்று கண்டுபிடித்து, ஷமீராவின் கையில் பன்னீர்ச் செம்பைக் கொடுத்தார்கள். அவள் முகத்தைப் பார்த்தால், அதை யார் தலையில் கவிழ்ப்பது என்று யோசிப்பவள் போல இருந்தது.

நிறுவனத்திலிருந்து வந்தவர் மேகலா என்ற அம்மாள். கார் நிறுத்துமிடத்தில் உளுந்தை ஒதுக்கி வழி விடுவதற்குள் அவருக்குக் கால் மணி நேரம் ஆகிவிட்டது. உள்ளே வந்து, பன்னீர் தெளிக்கப்பட்டு, பொன்னாடை போர்த்தப்பட்டு, பொங்கல் ஊட்டப்படாத குறையாகப் பரிமாறப்பட்டு, கடைசியில் கேட்டார்:

"கேண்டிடேட்ஸ் எங்கே?"

மங்களாம்பிகை மேடம் எழுந்து நின்றார். "அதுதான் எங்க பெருமை மேடம். யாரும் இல்ல. எல்லாருக்கும் வேலை கிடைச்சிடுச்சு."

"எல்லாருக்குமா? புவியியல்லயா?"

"நூறு சதவீதம்."

மேகலா திகைத்துப் போய், கொண்டுவந்த படத்தையாவது காட்டிவிட்டுப் போகலாம் என்று திரையில் போட்டார். பாபநாசம் பக்கத்து வயல்களை மார்ச் மாதம் எடுத்த செயற்கைக்கோள் படம். "இந்தப் பகுதியைத் தரிசுன்னு எங்க ஆளுங்க குறிச்சிருக்காங்க. சரியா இல்லையான்னு சொல்லத்தான் ஒருத்தர் வேணும்னு வந்தோம்."

"அது தரிசு இல்ல மேடம்" என்று வாசலிலிருந்து குரல் வந்தது. பன்னீர்ச் செம்போடு ஷமீரா. "சம்பா அறுத்துட்டு உளுந்து தெளிச்சிருக்காங்க. அந்த வெளிறின பச்சை உளுந்து. பக்கத்துல வாய்க்கால் ஓரமா இருக்கே, அதுதான் தரிசு."

மேகலா எழுந்தே விட்டார். "நீங்க யாரு?"

"வரவேற்புக் குழு" என்றார் மங்களாம்பிகை மேடம்.

"இவங்களையே எடுத்துக்கறேனே!"

"முடியாதுங்களே. அவங்க நீர்வளக் கட்டமைப்பு ஆலோசகர். பொறுப்பான பதவி. நோட்டீஸ் காலம் மூணு மாசம்."

"மேடம், அது எங்க மாமா..." என்று ஆரம்பித்தாள் ஷமீரா.

"குடும்ப நிறுவனம்" என்று மங்களாம்பிகை மேடம் முடித்துவைத்தார்.

மேகலா நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "மூணு மாசம் காத்திருக்க முடியாதே. மேட்டூர் திறந்து தண்ணி வந்துட்டா படத்துல எல்லா வயலும் ஒரே மாதிரி தெரியும். எனக்கு அடுத்த வாரமே ஆள் வேணும். வேற இடத்துல வேலையில இருக்கறவங்களை விட்டுட்டு வரச் சொல்ல எங்க விதியும் இடம் குடுக்காது. இந்தக் கட்டடத்துல, புவியியல் படிச்சு, வேலை இல்லாதவங்க ஒருத்தர்கூடவா இல்ல?"

 ஒரு நாற்காலி நகர்ந்தது.

"நான் இருக்கேன் மேடம்" என்றார் பஞ்சநதம்.

"நீங்களா!" என்றார் மங்களாம்பிகை. "சார், நீங்க இந்த மையத்தோட பொறுப்பாளர்! நீங்க பேராசிரியர்!"

"இல்லீங்க மேடம். நான் ஒப்பந்தம். ஏப்ரல் கடைசியில என்னை விடுவிச்சு லெட்டர் குடுப்பீங்க. ஜூன்ல புதுசா சேர்த்துக்குவீங்க. வருஷா வருஷம் அப்படித்தான். இது மே." நேர்காணலுக்காக அன்றைக்குத் தன் கழுத்தில் மாட்டியிருந்த பொது டையை அவர் மெல்லக் கழற்றி மேசைமேல் வைத்தார். "இந்த மாசம் நான் இங்க வேலையில இல்ல. பிள்ளைங்களுக்கு ஏதாவது வழி பொறக்காதான்னுதான் வந்துட்டு இருந்தேன்."

வேலையில்லாதவரே இல்லாத வளாகத்தில், வேலை வாங்கித் தரும் மையத்தின் பொறுப்பாளர் ஒருவர்தான் வேலையில்லாதவர். விதிமுறையைப் புரட்டினோம். அவரைத் தடுக்க ஒரு வரிகூட இல்லை. மேகலா கேட்ட கேள்விகளுக்கெல்லாம் பஞ்சநதம் பளிச் பளிச்சென்று பதில் சொன்னார். கைகுலுக்கினார். அந்தக் கைகுலுக்கல் இருக்கிறதே, ஒரு மணி நேர வகுப்பின் சாரமும் அதில் இருந்தது. அடுத்த வாரமே சேரச் சொல்லிவிட்டார்கள்.

வெளியே வராந்தாவில் அவர் ஷமீராவின் முன்னால் நின்றார். "தப்பா நினைக்காதம்மா. ரெண்டு பிள்ளைங்க ஸ்கூல்ல படிக்குது. எனக்கு வேற..."

"ஐயோ, எதுக்கு சார்?" என்றாள் அவள். "இத்தனை நாளா வகுப்புல சொல்லிக் குடுத்தீங்க. இன்னைக்குத்தான் செஞ்சு காட்டுனீங்க."

பாராட்டினாளா குத்தினாளா என்று அவருக்கு விளங்கவில்லை. எனக்கும்தான். ஆனால் அவர் படியிறங்கும்வரை அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் நின்றாள்.

ஜூன் பிறந்தது. கல்லூரி திறந்தது. கௌரவ விரிவுரையாளர் இடம் காலி. வெளியில் ஆள் தேட நேரமில்லை. மங்களாம்பிகை மேடம் ராஜகிரி கடைக்கே நேரில் போய், கல்லாவில் உட்கார்ந்து முக்கால் அங்குலப் பைப்புக்கு விலை சொல்லிக்கொண்டிருந்த ஷமீராவைக் கையோடு அழைத்து வந்து, கௌரவ விரிவுரையாளராகவும் மையத்தின் புதிய பொறுப்பாளராகவும் நியமித்தார். துறைமேல் அவருக்கு இருந்த பாசம் அப்படி. பைப்பு கடை ஆலோசகர் பதவிக்கு நோட்டீஸ் காலம் இன்னும் முடியாததால் அதுவும் ஏட்டில் அப்படியே இருந்தது. ஆக, படித்த பிள்ளைகளைவிடப் பெற்ற வேலைகள் அதிகமாகிவிட்டன. சதவீதம் நூறைத் தாண்டலாமா என்று புள்ளியியல் துறையிடம் எழுத்துமூலம் கேட்டார்கள். 'வளர்ச்சி' என்று தலைப்பிட்டால் தாண்டலாம் என்று பதில் வந்தது. கடைவீதியில் புது ஃப்ளெக்ஸ். இம்முறை பின்னணியில் எரிமலை.

நான் ஒரு டப்பா சந்திரகலா இனிப்போடு வாழ்த்தப் போனேன். ஷமீரா அடுத்த வருடப் பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு வீட்டில் என்ன தொழில் என்று விசாரித்துக்கொண்டிருந்தாள்.

"வாழ்த்துகள்மா. ஒருவழியா வேலை கிடைச்சிருச்சு!"

"எங்க சார் கிடைச்சுது?" என்றாள், நிமிராமல். "கையில ரெண்டு வேலை இருக்கு. அதனால வேலை தேடக் கூடாதாம். மேகலா மேடத்துக்கு அடுத்த கோடையில இன்னொரு ஆள் வேணுமாம். பஞ்சநதம் சார் போன்ல சொன்னார்."

"அப்ப நீ எப்படிப் போவே?"

"ஏப்ரல் கடைசியில என்னையும் விடுவிச்சு லெட்டர் குடுப்பாங்கல்ல? அந்த ஒரு மாசம் நான் வேலையில்லாதவள்னு காலேஜே கையெழுத்துப் போட்டுக் குடுக்கும். அது போதும் சார்."

இந்தக் கல்லூரியைப் பற்றி இன்னும் எவ்வளவோ புகழலாம். ஆண்டு முழுக்க எத்தனை அறிக்கைகள், எத்தனை பதாகைகள், எத்தனை சாதனைகள்! தன்னிடம் படித்தவர்களைப் பற்றியும் படிப்பித்தவர்களைப் பற்றியும் அது உண்மையைச் சொல்கிற மாதமும் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. மே மாதம்.

அந்த மாதம் கல்லூரிக்கு விடுமுறை.